ஃபோர் வீல் டிரைவ் வாங்கப்போகும் தங்கச்சிக்கு

ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நிற்பதாக அம்மா போனில் சொன்னாள். வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. வாங்கு. ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு வாங்கு. நாலு சக்கரமும் இழுக்கிறதே, நமக்கென்ன என்ற தைரியத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் போகிறவர்களை நம் பக்கத்து ரோட்டில் நிறையப் பார்க்கிறேன். நீ அப்படி ஓட்டக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

நம் காரைக்கால் பக்கத்தையே எடுத்துக்கொள். வரிச்சிக்குடியில் மெயின் ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பித் திருமேனியழகர் கோயிலைத் தாண்டிக் கடற்கரை வரை போனால், அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மூன்று விதமான தரை வந்துவிடும். முதலில் தார், ரோட்டை விட்டு இறங்கினால் வயல்காட்டுக் களிமண், கடைசியில் கடல்மணல். மூன்றிலும் ஒரே வண்டி மூன்று விதமாக நடந்துகொள்ளும். என்.ஐ.டி. பக்கம் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் வெயில் காலத்தில் இதைக் கவனிப்பதே இல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

எத்தனை குதிரைசக்தி இன்ஜின் இருந்தாலும் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள தொடர்பு நாலு டயரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பதிகிற இடம் மட்டும்தான். அந்த இடத்தில் டயர் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது. இன்னொன்று, தரை எப்படிப்பட்டது. காய்ந்த தாரில் பிடி நன்றாக இருக்கும். நனைந்த தாரில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உதிரி மணலிலும் சேற்றிலும் அதைவிடக் குறைவு. இன்ஜின் கொடுக்கிற இழுவை இந்தப் பிடியைத் தாண்டிப் போனால் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது.

சாமி புறப்பாட்டில் ஈரத் தரையில் இரண்டு பேர் மட்டும் தோள் கொடுத்தால் அவர்கள் கால் வழுக்கும். அதே பாரத்தை நாலு பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவரும் காலை அவ்வளவு அழுத்தி உந்த வேண்டியதில்லை. ஃபோர் வீல் டிரைவோ ஆல் வீல் டிரைவோ, செய்வது இதைத்தான். இன்ஜினின் இழுவையை இரண்டு டயருக்குப் பதில் நாலு டயருக்குப் பங்கு போடுகிறது.

ஒரு கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆயிரம் கிலோ வண்டி, முன் சக்கரங்கள் மேல் அறுநூறு கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள். சாதாரண முன்சக்கர இழுவைக் கார்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எடையில் பத்தில் மூன்று பங்குதான் பிடி கொடுக்கும் மணலில் நிற்கிறாய். முன் சக்கரம் மட்டும் இழுத்தால் கிடைக்கிற தள்ளு அதிகபட்சம் 180 கிலோ. நாலும் இழுத்தால் 300 கிலோ. அந்த மணலை உழுதுகொண்டு முன்னேற 200 கிலோ தள்ளு வேண்டும் என்றால், முதல் வண்டி புதையும், இரண்டாவது வண்டி கிளம்பிவிடும். இன்ஜின் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

இதுவரை எல்லாம் நல்லதுதான். ஷோரூமில் சொல்லாத விஷயம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு சக்கரம் சும்மா சுற்றினால்

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடினால் போதும். அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். அதன் குணம் என்னவென்றால், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுற்றினால் அதற்குப் போவது கொஞ்சம் விசை. கெட்டித் தரையில் நிற்கிற மறு சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியாக இருந்தாலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒரே நேரத்தில் பிடி இழந்தால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

நம் பக்கத்தில் இதை நன்றாகப் புரிந்தவர்கள் டிராக்டர் ஓட்டுகிறவர்கள். சேடை ஓட்டும்போது ஒரு பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், காலடியில் இருக்கிற டிஃப் லாக் பெடலை மிதிப்பார்கள். இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், டிராக்டர் ஏறிவிடும். ஏறியதும் காலை எடுத்துவிடுவார்கள், பூட்டிய நிலையில் திருப்ப மாட்டார்கள். டயரோடு சேர்த்து கேஜ் வீல் மாட்டுவது பிடியின் பரப்பைக் கூட்டுவதற்கு. அறுவடை நேரத்தில் வயலில் ஈரம் இருந்தால் டயர் மிஷினை விட்டுவிட்டு பெல்ட் மிஷினைத் தேடி அலைவதும் அதற்காகத்தான். சேற்றில் பிடி என்பது இன்ஜினிலிருந்து வருவதில்லை, தரையில் எவ்வளவு பரப்பு பதிகிறது என்பதிலிருந்து வருகிறது என்று நம் டெல்டா விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கார்களில் இதையே வேறு வேறு விதமாகச் செய்கிறார்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் பூட்ட முடியும். ஜிம்னி போன்றவற்றில் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போடும். அந்த எதிர்ப்பு கிடைத்ததும் விசை மறுபக்கத்துக்குப் போகும். டக் டக் என்று சத்தம் கேட்கும், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடாதே. ஒரே சீராக மிதித்துக்கொண்டிரு, அது வேலை செய்ய ஒரு நொடி அவகாசம் வேண்டும்.

எந்த வகை என்று கேட்டு வாங்கு

பின்னால் 4×4 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதே. மஹிந்திரா தாரில் 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலும் வருகிறது. வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஸ்கார்பியோ-என் வண்டியிலும் இரண்டு வகையும் உண்டு. பெயரை நம்பாமல் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் விவரத்தையும், கியர் பக்கத்தில் இன்னொரு லீவரோ சுவிட்சோ இருக்கிறதா என்பதையும் பார்.

ஜிம்னி, தார், கூர்க்கா, பழைய ஜிப்ஸி இவையெல்லாம் ஒரு வகை. சாதாரணமாக, அதாவது 2ஹெச்சில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4ஹெச் போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். 4எல் போட்டால் வேகம் குறைந்து இழுவை வெகுவாகக் கூடும். மணலுக்கும் சேற்றுக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் காய்ந்த தாரில் 4ஹெச் போட்டு ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், கடைசியில் கியர்ப் பெட்டியில் ஏதாவது முறியும். சேறோ மணலோ இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். அதனால்தான் அங்கே மட்டும். மழைக்காலத்தில் மெயின் ரோட்டுக்கு வந்ததும் 2ஹெச்சுக்கு மாற்ற மறந்துவிடாதே.

கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப், எக்ஸ்யூவி 700-ன் ஆல் வீல் டிரைவ் மாடல்கள், பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் இவை இன்னொரு வகை. முன்சக்கரம் இழுத்துக்கொண்டிருக்கும், அது வழுக்கினால் கிளட்ச் தட்டுகளின் அடுக்கு ஒன்று இறுகிப் பின்சக்கரத்துக்கும் விசையை அனுப்பும். நீ எதுவும் செய்ய வேண்டாம், தாரிலும் பயமில்லை. மழை நாளில் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டு வருகிற குடும்பத்துக்கு இதுதான் சௌகரியம். ஆனால் ஆழ்மணலில் நெடுநேரம் போராடினால் அந்தக் கிளட்ச் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விடுபட்டுவிடும். அப்புறம் முன்சக்கர வண்டிதான். ஆற வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நாலு சக்கரமும் இழுக்கிற எலெக்ட்ரிக் வண்டியில் முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார். 2025-ல் வந்த ஹாரியர் எலெக்ட்ரிக்கின் மேல் மாடல் அப்படித்தான். நடுவில் இரண்டையும் இணைக்கும் தண்டு இல்லை, விசையை மாற்றுவது மிக வேகம்.

உன் உபயோகத்துக்கு எது என்று என்னைக் கேட்டால், வயலுக்கும் மீனவர் குப்பத்துக்கும் தினமும் இறங்குகிறாய் என்றால் முதல் வகை. காரைக்கால், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று ரோட்டிலேயே ஓடுகிறாய் என்றால் முன்சக்கர வண்டியே போதும். மிச்சமாகிற பணத்தில் நல்ல டயர் வாங்கிப் போடு.

பிரேக்குக்கு இது உதவாது

இதைத்தான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டும். எல்லா காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் இருப்பதால் ஒரு அடி கூட முன்னதாக நிற்காது. வளைவில் பக்கவாட்டில் வழுக்குவதையும் அது தடுக்காது. மலைச்சரிவில் இறங்கும்போது 4எல் கியர் பிடித்து நிறுத்தும் என்பது உண்மை, ஆனால் நம் ஊரில் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர மலையேது?

80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாய். காய்ந்த தாரில் பிரேக் போட்ட இடத்திலிருந்து சுமார் 32 மீட்டரில் நிற்கலாம். நனைந்த ரோட்டில் பிடி பாதியானால் அது 63 மீட்டர் ஆகும். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி ஆனாலே 22 மீட்டர் போய்விடும். ஆக மழையில் மொத்தம் 85 மீட்டர். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இருக்கிற அபாயமே இதுதான். கிளம்பும்போது வழுக்காமல் கிளம்பும். அதனால் ரோடு வழுக்குகிறது என்பதே உனக்குத் தெரியாது. பிரேக் போடும்போதுதான் தெரியும்.

ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் வெளியேற்ற நேரம் போதாது, டயர் தண்ணீர் மேல் மிதந்துவிடும். ஸ்டியரிங் லேசாகிவிடும், திருப்பினாலும் திரும்பாது. 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்த டயர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முழுக்க மிதக்கும். மொட்டை டயர் என்றாலோ காற்று குறைவு என்றாலோ அதற்கு வெகு முன்னாலேயே மிதக்கும். அப்படி ஆனால் பிரேக்கை அழுத்தாதே, ஸ்டியரிங்கை வெட்டாதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டிரு. டயர் தரையைத் தொட்டதும் உனக்கே தெரியும்.

சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பள்ளத்துக்குள்ளே சிறிய மேடு ஒன்று இருக்கும், அதற்குச் சமமாகத் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். நம் மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே புரட்டாசிக்குள் மாற்றிவிடு. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் வெயிலில் இறுகிப்போயிருக்கும், நனைந்த ரோட்டில் பிடிக்காது.

கனடாவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிற மொன்றியல், கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். ஆல் வீல் டிரைவ் வண்டி என்பதற்காக விலக்கு கிடையாது. பனியில் வாழ்கிறவர்களே சட்டம் எழுதும்போது எத்தனை சக்கரம் இழுக்கிறது என்று கேட்கவில்லை, என்ன டயர் என்றுதான் கேட்டார்கள்.

நம் ரோட்டில் கவனிக்க வேண்டியவை

குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள், வைக்கோலும் கிடக்கும். நெல்மணி மேல் பிரேக் போட்டால் டயருக்கும் தாருக்கும் நடுவில் அது உருளும். எந்த டிரைவும் காப்பாற்றாது. அவர்களுக்கும் வேறு களம் இல்லை, திட்டாதே. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நெல்லைத் தொடாமல் சுற்றிப் போ. டிராக்டர் வயலிலிருந்து ஏறுகிற இடத்தில் தார் மேல் களிமண் ஒட்டியிருக்கும். காய்ந்திருந்தால் ஒன்றுமில்லை. தூறல் விழுந்த முதல் கால் மணி நேரம் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே வண்டி வந்தால் மழைக்காலத்தில் ஓரத்துக்கு ஒதுங்காதே. கரை ஊறிப்போயிருக்கும், எடை தாங்காமல் சரியும். பின்னால் எடுத்து அகலமான இடத்தில் வழிவிடு.

கிளம்பும் முன் போனில் காரைக்கால் ரேடார் படத்தைப் பார். வானிலை ஆய்வு மையம் நமக்குப் பக்கத்திலேயே ரேடார் வைத்திருக்கிறது, கடலிலிருந்து மழைமேகம் வருவது நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்பினால் எந்த டிரைவும் தேவைப்படாத நாட்கள் உண்டு.

தண்ணீரில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் பக்கத்தில்தான் கரை கடந்தது. அந்த மாதிரி மழையில் எது ரோடு எது வாய்க்கால் என்று தெரியாது. ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன காரை நகர்த்திவிடும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையே அடித்துக்கொண்டு போகும். மஹிந்திரா தார் 65 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும் என்று கம்பெனி சொல்வது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. வண்டி மிதக்கத் தொடங்கினால் டயர் மேல் எடையே இல்லை, நாலு சக்கரம் சுற்றி என்ன பயன்? தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். இறங்கித் தள்ளு.

மணலில்

குப்பத்துக்குப் போகும்போது மணலில் இறங்க நேர்ந்தால் முதலில் காற்றைக் குறை. 32 இருப்பதை 18 வரை கொண்டுவா. டயர் நீளவாக்கில் படுத்து அதிக பரப்பில் பதியும், புதையாது. என்னைக் கேட்டால் காற்றைக் குறைக்காத ஃபோர் வீல் டிரைவைவிடக் காற்றைக் குறைத்த சாதாரண வண்டி அதிக தூரம் போகும். மெதுவாக, நிற்காமல், ஒரே சீராகப் போ. வெட்டித் திருப்பினால் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு நழுவும். வண்டியிலேயே சொருகுகிற சின்ன காற்று பம்ப் ஒன்று வாங்கி வை. தாருக்கு ஏறும் முன் 32 ஆக்கிவிடு, குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

சக்கரம் சுற்றத் தொடங்கினால் உடனே நிறுத்து. மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். இறங்கி, டயருக்கு முன்னால் உள்ள மணலை வாரிவிட்டு, தென்னை மட்டையையோ சாக்கையோ அடியில் கொடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடு. அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். படகு இழுக்கிற டிராக்டரைக் கூப்பிட்டால் சேசிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டு, பம்பரில் மாட்டாதே. கயிறு அறுந்தால் ஆளை வெட்டும், அதனால் யாரையும் பக்கத்தில் நிற்க விடாதே.

பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டாதே. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் மணலைத் தோண்டி முட்டையிட்டுப் போகின்றன. குழி வெளியே தெரியாது. டயர் ஏறினால் போயிற்று. வலை காயப்போடுகிறவர்களுக்கும் அது வேலை செய்கிற இடம்.

செலவும் பராமரிப்பும்

எடை கூடுவதால் டீசலோ பெட்ரோலோ கொஞ்சம் அதிகம் குடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன், பின் டிஃபரன்ஷியல் என்று ஆயில் மாற்ற வேண்டிய இடமும் கூடும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுசாகப் போட்டால் சுற்றளவு மாறி, உள்ளே கிளட்ச் ஓயாமல் தேயும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்று. வழியில் வண்டி நின்றுபோனால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போக விடாதே, நாலையும் மேலே ஏற்றுகிற வண்டியைக் கூப்பிடு. கடல்மணலில் ஓடிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவு. உப்புக்காற்று இங்கே இரும்பைச் சும்மா விடாது.

பழைய வண்டி பார்க்கப் போகிறாய் அல்லவா? பி.ஒய். 02 என்று காரைக்கால் நம்பர் இருந்தால் கடலோரமே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம், குனிந்து சேசிஸ், முன் ஆக்ஸில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் துரு இருக்கிறதா என்று பார். ஈர மண் ரோட்டில் 4ஹெச், 4எல் இரண்டும் விழுகிறதா, விளக்கு எரிகிறதா, முன்சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. பழைய ஜிப்ஸி என்றால் இறங்கி முன் ஹப்பைக் கையால் திருப்ப வேண்டிய வகையும் உண்டு, அது இறுகிக் கிடக்கிறதா என்று திருப்பிப் பார். டயர் நாலின் பக்கவாட்டு எண்ணையும் பட்டனையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.